நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் ஏன் அப்படி ஆடியது?

கேள்வி இதுதான்: "நிலநடுக்கம் வந்த இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக ஆட்டம் குறையும் என்றுதானே படித்தோம்? அப்படியிருக்க, 1989-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் வந்த நிலநடுக்கத்தில் 90, 100 கி.மீ. தள்ளியிருந்த ஓக்லாந்தில் மேம்பாலம் எப்படி விழுந்தது? பூமிக்கு அடியில் அலை மோதித் திரும்பி வந்ததுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?"

உண்மைதான். ஆனால் பாலம் விழுந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி மேலே கிடந்த சேற்றிலும் பாலத்தின் கம்பிக்கட்டிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கணக்கும் கொஞ்சம் வரும். பள்ளியில் படித்த சைன், டான் போதும்.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். 1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிடம். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில், லோமா பிரியெட்டா என்ற சிகரத்துக்கு அருகே, ஏறக்குறைய 17 கி.மீ. ஆழத்தில் பாறை முறிந்து நழுவியது. அளவு 6.9. முறிவு நிலத்துக்கு அடியில் சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு ஓடியது, ஆனால் தரைக்கு மேல் தெளிவான பிளவாக வெளிப்படவில்லை. மொத்தம் 63 பேர் இறந்தார்கள். அவர்களில் 42 பேர் ஒரே இடத்தில், ஓக்லாந்தின் மேற்கே இருந்த சைப்ரஸ் என்ற இரட்டை அடுக்கு மேம்பாலத்தில் இறந்தவர்கள். மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்கு அப்படியே அமர்ந்துவிட்டது. அன்று மாலை பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், அதுவும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் இரு கரை அணிகளுக்கும் இடையே. ஆட்டம் பார்க்க நிறையப் பேர் முன்கூட்டியே வேலையை முடித்துக் கிளம்பிவிட்டதால் சாலையில் வழக்கமான நெரிசல் இல்லை. இருந்திருந்தால் 42 என்ற எண் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சான்பிரான்சிஸ்கோவும் ஓக்லாந்தும் மையத்திலிருந்து 90, 100 கி.மீ. தொலைவில் இருந்தன. அந்தத் தொலைவுக்கு அன்றைய சூத்திரங்கள் சொன்ன ஆட்டத்தைவிடக் கருவிகளில் பதிவான ஆட்டம் கணிசமாக அதிகம். சேற்றுத் தரையில் மட்டும் அப்படி இருந்திருந்தால் யாரும் தலையைச் சொறிந்திருக்க மாட்டார்கள். பாறைமேல் வைத்திருந்த கருவிகளிலும் அதிகமாக இருந்ததுதான் புதிர்.

தொலைவு கூடினால் ஆட்டம் ஏன் குறைகிறது? ஒரு கரண்டி மாவை எடுத்துத் தோசை ஊற்றுங்கள். வட்டத்தைப் பெரிதாக்கினால் தோசை மெலிசாகும். மாவு அதே அளவுதான். நிலநடுக்க ஆற்றலும் அப்படித்தான், ஆனால் வட்டமாக அல்ல, கோளமாகப் பரவுகிறது. கோளத்தின் பரப்பு தொலைவின் வர்க்கப்படி கூடும் என்பதால், அலையின் வீச்சு தொலைவுக்கு எதிர் விகிதத்தில் குறையும். 40 கி.மீ.யில் இருந்ததில் பாதி 80 கி.மீ.யில். இதற்குமேல், பாறையின் விரிசல்களில் உராய்ந்து கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். அதிலும் வேகமாக அதிரும் அலைகள் சீக்கிரம் செத்துப்போகும்.

இந்தக் கணக்கு பூமி முழுக்க ஒரே பாறை என்று வைத்துக்கொண்டு போட்டது. பூமி அப்படி இல்லை. நாம் நிற்கிற மேலோட்டுக்கு ஒரு அடித்தளம் உண்டு. அதற்குக் கீழே கவசம், அதாவது மான்டில். இரண்டும் சேரும் எல்லைக்கு மோஹோ என்று பெயர். 1909 அக்டோபர் 8 அன்று குரோவேஷியாவில் ஜாக்ரெப் நகருக்குத் தெற்கே குபா பள்ளத்தாக்கில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆந்த்ரியா மோஹொரோவிசிச், ஒரே அதிர்வுக்கு இரண்டு முதல் அலைகள் வந்து சேர்வதைக் கவனித்தார். ஒன்று நேராக வந்தது. இன்னொன்று கீழே போய், வேகமான பாறை வழியே ஓடி, சுற்றுப் பாதையில் வந்தும் முந்திக்கொண்டது. அந்த வேகமான பாறை எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட்டு 54 கி.மீ. என்றார். அந்த எல்லைக்கு அவர் பெயரின் முதல் துண்டு நிலைத்துவிட்டது. கண்டங்களுக்கு அடியில் மோஹோ பொதுவாக 30 முதல் 50 கி.மீ. ஆழத்தில் கிடக்கிறது, இமயமலைக்கும் திபெத்துக்கும் அடியில் அதைவிட ஆழம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் அது ஏறக்குறைய 25 கி.மீ.தான். இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அதில்தான் சுழல்கிறது.

கட்டடங்களை ஆட்டுவது பெரும்பாலும் எஸ் அலை, பக்கவாட்டில் உதறுகிற அலை. மேலோட்டின் அடிப்பகுதியில் அதன் வேகம் நொடிக்கு 3.6 கி.மீ. போல, மோஹோவைத் தாண்டியதும் 4.5 கி.மீ. ஆகிவிடும். மெதுவான பொருளிலிருந்து வேகமான பொருளுக்குள் சாய்வாக நுழையப் பார்க்கும் எந்த அலைக்கும் ஒரு சிக்கல் உண்டு. கிணற்றில் குதித்து, உள்ளேயிருந்து கண்ணைத் திறந்து மேலே பார்த்தவர்களுக்கு இது தெரியும். தலைக்கு நேர் மேலே வட்டமாக வானம் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே பார்த்தால் வானம் தெரியாது. தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னி, கிணற்றின் அடிச்சுவரையே திருப்பிக் காட்டும். தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகிறது, காற்றில் வேகமாக. ஒரு கோணத்துக்குமேல் சாய்ந்து வரும் ஒளிக்கு வெளியேற வழியே கிடையாது, முழுக்கத் திரும்பிவிடும். பாடப்புத்தகத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். அந்தக் கோணம்தான் மாறுநிலைக் கோணம்.

கிணற்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். மேலோடு தண்ணீர், கவசம் காற்று. 3.6-ஐ 4.5-ஆல் வகுத்தால் 0.8. சைன் மதிப்பு 0.8 ஆக இருக்கும் கோணம் 53 டிகிரி. செங்குத்திலிருந்து 53 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோஹோவில் விழும் எஸ் அலை கவசத்துக்குள் நுழையாது. அப்படியே மேலே எறியப்படும்.

இந்த மாற்றம் எவ்வளவு திடீரென்று நடக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கணக்கைப் போட்டே பார்க்கலாம். மேலோட்டின் அடிப்பகுதிக்கு அடர்த்தி 2.9, கவசத்துக்கு 3.3 என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டு எஸ் அலை நேர் செங்குத்தாக மோதும்போது வீச்சில் 17 சதவீதம்தான் திரும்பும். ஆற்றலில் பார்த்தால் வெறும் 3 சதவீதம், மிச்சமெல்லாம் கீழே போய்விடும். கோணம் கூடக்கூட இது ஏறும் என்று நினைப்போம். இல்லை, இறங்கும்! 45 டிகிரிக்கு அருகே கிட்டத்தட்ட ஒன்றுமே திரும்பாது. பிறகு 50 டிகிரியில் 22 சதவீதம். 53-ஐத் தொட்டதும் நூறு. எட்டே டிகிரிக்குள் பூஜ்யத்திலிருந்து முழுமைக்கு.

இதைத் தரையில் கிலோமீட்டராக மாற்றுவோம். மோஹோ 25 கி.மீ., நிலநடுக்கம் 17 கி.மீ. ஆழம். அலை 8 கி.மீ. இறங்கி, 25 கி.மீ. ஏற வேண்டும், செங்குத்தாக மொத்தம் 33 கி.மீ. 45 டிகிரிக்கு டான் மதிப்பு 1 என்பதால், அந்தக் கோணத்தில் திரும்பும் அலை மையத்திலிருந்து 33 கி.மீ. தள்ளித் தரைக்கு வரும். 53 டிகிரிக்கு டான் 1.33, அது 44 கி.மீ. ஆக, 33 கி.மீ.யில் இருப்பவருக்கு மோஹோவிலிருந்து ஒன்றும் வராது. 44 கி.மீ. தாண்டியவருக்கு முழு அலையும் வரும். அந்த வளையத்துக்கு உள்ளே இருப்பவர்கள் நேர் அலையை மட்டும் வாங்குகிறார்கள், வெளியே இருப்பவர்கள் இரண்டையும் வாங்குகிறார்கள்.

"திரும்பி வருகிற அலை சுற்றுப் பாதையில் வருகிறதே, அதற்குள் வலுவிழந்துவிடாதா?" என்று கேட்கலாம். எத்தனை தூரம் சுற்று என்று பாருங்கள். 90 கி.மீ. தள்ளி இருக்கும் ஓக்லாந்துக்கு நேர்ப்பாதை 91.6 கி.மீ. மோஹோவில் மோதி வரும் பாதை 95.9 கி.மீ. வித்தியாசம் 4 கி.மீ. சொச்சம்தான். நொடிக்கு 3.5 கி.மீ. என்று சராசரி வைத்தால், ஒன்று 26.2 நொடியில் வரும், இன்னொன்று 27.4 நொடியில். ஒன்றேகால் நொடி இடைவெளி. தெருவில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே உதறல்தான். நான் போட்டது நேர்கோட்டுக் கணக்கு. உண்மையில் ஆழம் கூடக்கூட வேகமும் கூடுவதால் கதிர்கள் வளையும், எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் விஷயம் மாறாது.

இன்னும் ஒரு அநியாயம் இருக்கிறது. நேர் அலை மேலோட்டின் மேற்பகுதி வழியே, விரிசல் விட்ட பாறையில் உரசிக்கொண்டு வருகிறது. மோதித் திரும்பும் அலை பாதையில் பெரும்பகுதியை ஆழத்தில், இறுகிய பாறையில் கழிக்கிறது. கொஞ்சம் சுற்றினாலும் நல்ல சாலையில் வரும் பேருந்து முந்துவதில்லை, ஆனால் பயணிகளைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்க்கிறது. அதுபோல ஆற்றல் வீணாகாமல் வந்து இறங்குகிறது. (இங்கே குலுங்கப்போவது வேறு யாரோ என்பதுதான் கொடுமை.)

இது வெறும் தாள் கணக்கு இல்லை என்று காட்டியவர்கள் பால் சாமர்வில்லும் ஜோஆன் யோஷிமுராவும். 1990-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் எனக்குப் பிடித்தது அவர்கள் பிடித்த நுனி. வலுவான அதிர்வைப் பதியும் அன்றைய கருவிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததில்லை. தரை ஓரளவுக்கு மேல் ஆடினால்தான் விழித்துக்கொண்டு பதியத் தொடங்கும். அப்படி விழித்த கருவிகள் பலவற்றில் சரியான நேரம் பதிந்திருக்காது. முறிவு தொடங்கி எத்தனை நொடி கழித்து அந்தப் பெரிய உதறல் வந்தது என்று தெரியாவிட்டால், அது நேர் அலையா, மோதி வந்த அலையா என்று சொல்லவே முடியாது. ஒன்றேகால் நொடி வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே, விழித்த நேரம் துல்லியமாகத் தெரிந்த பதிவுகளை மட்டும் எடுத்து, தொலைவு வாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 50 முதல் 100 கி.மீ. வரை உச்ச ஆட்டம் வந்த நேரம், மோஹோவில் மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி மோதி வரும் எஸ் அலையின் நேரத்தோடு பொருந்தியது. 50-லிருந்து 80 கி.மீ. வரை ஆட்டம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. இரண்டு பெரிய நகரங்களும் அந்த வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தன.

பிறகு 1991-இல் வளைகுடா நீரில் கப்பலிலிருந்து காற்றுத் துப்பாக்கி வெடித்து, அதன் எதிரொலிகளை வைத்து அடி மேலோட்டைத் துழாவிப் பார்த்தார்கள். கீழே வலுவாகத் திருப்பி அனுப்பும் அடுக்குகள் இருப்பது அதிலும் தெரிந்தது.

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அந்தோணி லோமாக்ஸ், புரூஸ் போல்ட் இருவரும் 1992-இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு பக்கமும் பாறை வேறு வேறு. சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் வண்டல் நிரம்பிக் கிடக்கிறது. இந்தப் பக்கவாட்டு வேறுபாடுகளில் அலைகள் வளைந்து சில திசைகளில் குவிந்திருக்கலாம் என்றார்கள். முறிவு ஓடிய திசை, பிளவு சாய்ந்திருந்த விதம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. பிளவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அலையை வீசுவதில்லை, கீழ்நோக்கிப் போகும் அலை தடித்து, நேராகப் போவது மெலிந்து இருக்கவும் கூடும். என் கருத்தைக் கேட்டால், தொலைவு வாரியாகத் தெரிந்த அந்தச் சமதளத்துக்கு, அதாவது தள்ளிப் போயும் ஆட்டம் குறையாமல் நின்றதற்கு, மோஹோவே முதல் காரணம். எந்தத் தெருவில் எந்தத் திசையில் கூடுதல் என்ற நுணுக்கத்துக்கு மற்றவை. ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்று ஆகாது.

இனி சேறு. வளைகுடாவின் நடுவில் எர்பா புவேனா என்று ஒரு பாறைத் தீவு. அதை ஒட்டியே டிரெஷர் தீவு, 1930-களில் ஒரு கண்காட்சிக்காகக் கடலடி மணலை வாரிக் கொட்டி உண்டாக்கியது. இரண்டிலும் கருவி இருந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று கி.மீ.தான், மையத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொலைவு. மோஹோவில் மோதி வந்த அலை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வந்து சேர்ந்திருக்கும். பாறைத் தீவில் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.06 பங்கு. கொட்டிய மண்ணில் 0.16 பங்கு. அந்த இரண்டரை மடங்குக்கும் ஆழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முழுக்க மேலே உள்ள சில பத்து மீட்டர் மண்ணின் வேலை.

ஏன் அப்படி? அலை இறுகிய பாறையிலிருந்து இளகிய சேற்றுக்குள் நுழையும்போது வேகம் குறைகிறது. பின்னால் வரும் ஆற்றல் முன்னால் போவதன்மேல் வந்து ஏறிக்கொள்கிறது, வீச்சு பெருகுகிறது. கரைக்கு வரும் கடல் அலை ஆழம் குறைந்ததும் எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதன் உறவுக்காரர். அதோடு, சேற்றுப் படுகைக்கு என்று ஒரு ஆடும் தாளம் உண்டு. அலையின் தாளம் அதோடு ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஆகிவிடும்.

சைப்ரஸ் மேம்பாலத்தில் இது கண்ணெதிரே நடந்தது. ஒரே பாலம், ஒரே வடிவமைப்பு, 1957-இல் திறந்தது. வடக்குப் பகுதி வளைகுடாச் சேற்றின்மேல் நின்றது, அது விழுந்தது. தெற்குப் பகுதி இறுகிய வண்டல் மணலில் நின்றது, அது நின்றேவிட்டது. சூசன் ஹஃபும் குழுவினரும் பின்னதிர்வுகள் வந்துகொண்டிருந்த நாட்களிலேயே கருவிகளைக் கொண்டுபோய்ச் சேற்றிலும் மணலிலும் பாறையிலும் வைத்து அளந்தார்கள். சேற்றில் ஆட்டம் பாறையைவிடப் பல மடங்கு இருந்தது. பாலத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும்: 1950-களின் வழக்கப்படி, தூணும் மேல்தளமும் சேரும் மூட்டுகளில் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கப் போதிய வளையக் கம்பி இல்லை. மூட்டு உதிர்ந்ததும் மேல்தளத்துக்குப் பிடிமானம் போய்விட்டது.

ஆகவே கணக்கைக் கூட்டலாகப் போடாதீர்கள், பெருக்கலாகப் போடுங்கள். பிளவு அனுப்பியது எவ்வளவோ, அதை மோஹோ கொஞ்சம் பெருக்குகிறது, வந்ததைச் சேறு இன்னும் பெருக்குகிறது, கடைசியில் கட்டடம் தாங்குகிறது அல்லது தாங்கவில்லை. பாறைமேல் இருந்த வீடுகளும் மோஹோவின் கூடுதல் அலையை வாங்கத்தான் செய்தன. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆட்டத்தில் சான்பிரான்சிஸ்கோவின் மெரீனா பகுதியில், 1915 கண்காட்சிக்காக நீர்நிலையைத் தூர்த்த இடத்தில், மண் குழம்பாகி வீடுகள் சாய்ந்தன, எரிவாயு பிடித்து எரிந்தது. சிலர் "மோஹோதான் பாலத்தை இடித்தது" என்று தலைப்புப் போட்டுக் கதை சொல்கிறார்கள். எனக்கு அது ஒவ்வாது. மோஹோ கதவைத் தட்டியது. தாழ்ப்பாள் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தது.

வேறு ஊர்களில் இது தெரிந்திருக்கிறதா? கனடாவின் சகெனே நிலநடுக்கம், 1988 நவம்பர் 25, அளவு 5.9. லோமா பிரியெட்டாவுக்கு ஒரு வருடம் முன்னால். வித்தியாசம் என்னவென்றால் அது 29 கி.மீ. ஆழத்தில் வந்தது, மேலோட்டின் அடிப்பகுதியில். ஆழம் கூடினால் மோஹோவுக்கு இறங்க வேண்டிய தூரம் குறையும், ஆகவே முழுப் பிரதிபலிப்பு தொடங்கும் வளையமும் மையத்தை நெருங்கும். அங்கேயும் 50 கி.மீ. தாண்டி நூறு சொச்சம் கி.மீ. வரை ஆட்டம் ஏறக்குறையக் குறையாமல் நின்றது. 350 கி.மீ. தள்ளி, மொன்றியல் கிழக்கில் களிமண் மேல் நின்ற பழைய நகரமன்றக் கட்டடத்தின் சுவர்முகப்பு சேதமானது. ஆழ்ந்த பாறையும் மேலே களிமண்ணும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி பழைய, குளிர்ந்த, இறுகிய பாறை. அங்கே நூற்றுக்கணக்கான சிறு நிலநடுக்கங்களின் பதிவுகளைச் சேர்த்து, கெயில் அட்கின்சன் 2004-இல் ஒரு தேய்வு விதியைத் தந்தார், அதாவது தொலைவோடு ஆட்டம் எப்படிக் குறையும் என்று சொல்லும் சூத்திரம். மூன்று துண்டுகளாக இருக்கும். முதல் 70 கி.மீ. வரை வீச்சு வேகமாகக் குறைகிறது, தொலைவின் 1.3 அடுக்குப்படி. 70-லிருந்து 140 கி.மீ. வரை குறைவதற்குப் பதிலாக மெல்ல ஏறுகிறது, தொலைவின் 0.2 அடுக்குப்படி. அதாவது உராய்வு இழப்பை விட்டுவிட்டால் 70 கி.மீ.யில் இருந்ததைவிட 140 கி.மீ.யில் 15 சதவீதம் கூடுதல். அதற்கப்பால் மறுபடி குறைகிறது, ஆனால் வர்க்கமூலப்படி மெதுவாக. நீங்கள் கேட்ட "தள்ளியிருக்கும் ஊர் அதிகமாகக் குலுங்குமா" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை: அந்தப் பகுதியில், அந்த இடைத் தொலைவில், சராசரியாகவே, ஆம்.

கடைசித் துண்டில் ஏன் மெதுவாகக் குறைகிறது என்றால், மோஹோவுக்கும் தரைக்கும் நடுவே அலை மாட்டிக்கொண்டுவிட்டது. கீழே போனால் மோஹோ திருப்பி அனுப்பும், மேலே போனால் தரை திருப்பி அனுப்பும். கோளமாகப் பரவ இடமில்லை, உருளையாகத்தான் பரவ முடியும். மறுபடி தோசைக்கே வந்துவிட்டோம்.

எல்லாத் தொலைதூரச் சேதத்தையும் மோஹோ தலையில் கட்டவும் கூடாது. 1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகரம் பட்ட பாட்டை இதோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. அது 350 கி.மீ.க்கு அப்பால் வந்த 8 அளவு நிலநடுக்கம். பழைய ஏரிப்படுகையின் களிமண் இரண்டு நொடித் தாளத்தில் ஆடி, அதே தாளம் கொண்ட நடுத்தர உயரக் கட்டடங்களைச் சாய்த்தது. அது ஏரியின் கதை. 2011 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் 5.8 அளவில் வந்த நிலநடுக்கம், சுமார் 130 கி.மீ. தள்ளி வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விட்டது. தொலைவு மோஹோ வளையத்துக்குள் வருகிறதே என்று கை பரபரக்கும். ஆனால் அந்த நகரத்துக்கு அடியில் உள்ள கடலோர வண்டலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. வளையத்துக்குள் இருப்பது ஒரு சந்தேகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது.

இன்னொரு எச்சரிக்கை. நான் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மோஹோ எல்லா இடத்திலும் கண்ணாடித் தகடு இல்லை. சில இடங்களில் சில கி.மீ. தடிமனுக்குப் பாறை படிப்படியாக மாறுகிறது. நொடிக்கு ஒருமுறை ஆடும் எஸ் அலையின் நீளம் 3.6 கி.மீ.; ஐந்துமுறை ஆடுவதற்கு 720 மீட்டர். அலையின் நீளத்தைவிட மாற்றப் பகுதி தடிப்பாக இருந்தால் கூர்மை மங்கும். மோஹோ சாய்ந்து கிடந்தால் வளையம் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் சுருங்கும். அதனால்தான் பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒன்றாகக் கொட்டிப் போடும் பொதுச் சூத்திரங்களில் இந்தச் சமதளம் கரைந்துபோய், வெறும் சிதறலாகத் தெரிகிறது. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஆழம் வேறு, மோஹோ வேறு, வளையம் வேறு. சராசரி எடுத்தால் எதுவும் மிஞ்சாது. லோமா பிரியெட்டாவில் அன்றைய சூத்திரங்கள் ஏமாந்ததும் இதனால்தான்.

இந்தியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் பின்னூட்டத்தில் எப்படியும் கேட்பீர்கள். தீபகற்ப இந்தியாவும் வட அமெரிக்காவின் கிழக்கைப்போலப் பழைய, இறுகிய கேடயப் பாறை. அலை இங்கே நீண்ட தூரம் ஓடும். மோஹோ பெரும்பாலான இடங்களில் 35 முதல் 45 கி.மீ. ஆழத்தில். 40 என்று வைத்து, 10 கி.மீ. ஆழத்தில் ஒரு நிலநடுக்கம் என்று கொள்ளுங்கள். 30 கி.மீ. இறங்க வேண்டும், 40 கி.மீ. ஏற வேண்டும், 70-ஐ 1.33-ஆல் பெருக்கினால் 93 கி.மீ. முழுப் பிரதிபலிப்பு அங்கேதான் தொடங்கும். கலிபோர்னியாவில் 44, இங்கே 93. மேலோடு தடித்திருப்பதுதான் வித்தியாசம்.

1997 மே 22 அதிகாலை ஜபல்பூரில் வந்த 5.8 அளவு நிலநடுக்கம் இதற்கு நேர் எதிர் வகை. அது ஏறக்குறைய 35 கி.மீ. ஆழத்தில், மோஹோவுக்குச் சற்று மேலே முறிந்தது. அதன் பதிவுகளை வைத்து எஸ். கே. சிங்கும் கூட்டாளிகளும் 1999-இல் இந்தியக் கேடயத்துக்கு ஒரு தேய்வு விதி தந்தார்கள்: 100 கி.மீ. வரை தொலைவுக்கு எதிர் விகிதம், அதற்குமேல் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதம். ராகுகாந்தும் ஐயங்காரும் தீபகற்ப இந்தியாவுக்கென்று 2007-இல் உருவாக்கிய சூத்திரத்திலும் அதே 100 கி.மீ. எல்லைதான் அடிப்படை. வட அமெரிக்காவின் கிழக்கில்போல நடுவே ஏறும் துண்டு இதில் இல்லை. அத்தகைய துண்டைப் பிரித்தெடுக்க, ஒரே நிலநடுக்கத்தை 60, 80, 100, 120 கி.மீ. என்று நெருக்கமாக நின்று பதிந்த கருவிகள் வேண்டும். அதுவும் பாறைமேல் வேண்டும், சரியான நேரத்தோடு வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு இது என்ன அர்த்தம் என்றால், அருகில் உள்ள பிளவிலிருந்து எத்தனை கி.மீ. என்று வரைபடத்தில் அளந்து நிம்மதி அடைவதைவிட, அஸ்திவாரம் தோண்டும்போது மண் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படிப்பது நல்லது. மோஹோவை யாராலும் மாற்ற முடியாது. தூர்த்த ஏரியா, களிமண்ணா, எத்தனை மீட்டரில் பாறை என்பதை ஒரு துளையிட்டே தெரிந்துகொள்ளலாம். ஓக்லாந்திலும் சைப்ரஸ் பாலத்தைப் பழைய இடத்தில் திரும்பக் கட்டவில்லை. நெடுஞ்சாலையை வேறு பாதையில் கொண்டுபோனார்கள். பாலம் நின்ற இடத்தில் இப்போது நடுவே மரங்கள் வைத்த ஒரு தரைச்சாலை ஓடுகிறது.